வாக்குறுதியும் காலமும்: ஒரு கன்ட்ரி பாடலை முன்வைத்து

நாளைய மனநிலை இன்னதாக இருக்கும் என்று எவராலும் அறுதியிட இயலாதபோது, வாழ்நாள் முழுவதும் மாறாதிருப்பதாக ஒருவர் தம் துணைக்கு அளிக்கும் வாக்குறுதிக்கு என்ன பொருள் என்னும் கேள்வி, அறவியலிலும் சமயச் சிந்தனையிலும் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் நாட்டுப்புற மரபிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையில், ஜானி கேஷ் 1956இல் தம் மனைவி விவியன் லிபர்ட்டோவுக்காக எழுதிய 'ஐ வாக் த லைன்' என்னும் பாடல் இக்கேள்வியை ஆராய ஏற்ற சான்றாகும். 1954இல் கத்தோலிக்க முறைப்படி மணமுடித்திருந்த கேஷ், ஊர் ஊராகச் சென்று கச்சேரி செய்யத் தொடங்கிய காலத்தில், மனைவிக்கு உண்மையாக இருப்பதற்கான உறுதிமொழியாக அதை அமைத்தார். ஆயினும் அம்மணவாழ்வு நிலைக்கவில்லை. 1966இல் விவியன் மணவிலக்குக் கோரினார், 1968இல் கேஷ் பாடகி ஜூன் கார்ட்டரை மணந்தார்.

வாக்குறுதியை எதிர்காலம் பற்றிய கணிப்பாகக் கொண்டால், அப்பாடல் பொய்த்துவிட்டது என்றே சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் ஆங்கிலேய மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின், உலகின் நிலையை எடுத்துரைக்கும் கூற்றுகளிலிருந்து, சொல்லப்படுவதாலேயே ஒரு செயலை நிறைவேற்றும் கூற்றுகளைப் பிரித்துக் காட்டி, வாக்களித்தலைப் பின்னதில் சேர்த்தார். அத்தகைய கூற்று மெய்யாவதோ பொய்யாவதோ இல்லை. அது காக்கப்படும் அல்லது மீறப்படும். மீறல் தவறாகக் கருதப்படுவதே, சொன்னவரை அச்சொல் உண்மையாகவே கட்டியது என்பதைக் காட்டுகிறது.

டென்மார்க்கின் கிறித்தவச் சிந்தனையாளர் கீர்க்ககார் 1843இல் வெளியிட்ட 'இதுவா அதுவா' என்னும் நூலில், அவர் படைத்த நீதிபதி வில்லியம், காதலின் வெற்றியைக் கலை ஒரு கணத்தில் குவித்துக் காட்டிவிடும் என்றும், நாள்தோறும் காக்கப்படும் மணவாழ்வின் அன்புக்குக் காலத்தொடர்ச்சியே உயிர் என்பதால் அதைக் கலையால் காட்ட இயலாது என்றும் வாதிடுகிறார். கேஷின் பாடல் இவ்வாதத்திற்கு ஓரளவு மறுமொழி தருகிறது. தந்திகளுக்கிடையே காகிதம் செருகிய கிட்டாரின் அடங்கிய, சீரான தட்டலுக்கு மேல், சரணத்துக்குச் சரணம் சுருதி மாற, பாடகர் ஒவ்வொரு முறையும் அடுத்த சுருதியை முனகிப் பிடித்துக்கொண்டே பாடத் தொடங்குகிறார்; இறுதியில் முதற்சரணத்தின் சொற்களே ஒரு ஸ்தாயி கீழிறங்கி மீண்டும் வருகின்றன. உறுதி ஒருமுறை சொல்லி முடிந்துவிடுவதன்று, நிலை மாறும்போதெல்லாம் புதிதாகத் தேடிப் பிடிக்கப்பட வேண்டியது என்பதை இவ்வமைப்பு செவிவழியே உணர்த்துகிறது.

எனினும் மேடைதோறும் பாடுவது வாழ்ந்து காட்டுவதற்கு ஈடாகாது. எதிர்காலத்தின் உறுதியின்மைக்கு வாக்களித்தலையும், கடந்ததை மாற்ற இயலாமைக்கு மன்னித்தலையும் மருந்தாகக் கண்ட அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் (1958), இவ்விரண்டுக்கும் பிறர் வேண்டும், தனியொருவர் தமக்குத் தாமே செய்துகொள்ளும்போது அவை மெய்ம்மை பெறுவதில்லை என்று வலியுறுத்தினார். அவ்வாறாயின், மீறப்பட்ட உறுதிமொழியை எடுத்துக்காட்டிக் கேள்வி கேட்கவும், மன்னிக்கவும், மன்னிக்க மறுக்கவும் உள்ள உரிமை பாடியவருக்கோ பாடலைக் கொண்டாடிய உலகுக்கோ உரியதன்று. அப்பாடல் யாருக்காகப் பாடப்பட்டதோ அவருக்கே அது உரியது.