ஒன்னும் ஆகலையே

போன வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, என் வீட்டுக் கராஜ் கதவு ஒரு மூன்று சக்கர சைக்கிளை நசுக்கியது. சிவப்பு பிளாஸ்டிக் சைக்கிள். எதிர்வீட்டுப் பையனுடையது. அவனுக்கு நாலு வயசு.

காரைப் பின்னால் எடுத்துத் தெருவுக்கு வந்துவிட்டேன். ரிமோட்டை அமுக்கினேன், கியர் மாற்றினேன். அப்போது ஒரு சத்தம், சைஸான அட்டைப்பெட்டியை மிதித்தது போல. கண்ணாடியில் பார்த்தால் கதவு பாதியில் நின்று திரும்ப மேலே போய்க்கொண்டிருந்தது. வாசலில் சைக்கிள், கைப்பிடி ஒரு பக்கம், சீட் ஒரு பக்கம். பையன் கராஜுக்கு உள்ளே நின்றான், கையில் பந்து. உருண்டு வந்த பந்தை எடுக்க சைக்கிளை வாசலில் விட்டுவிட்டு உள்ளே ஓடியிருக்கிறான். சைக்கிளுக்கும் அவனுக்கும் நடுவே ரெண்டு எட்டு இருக்கும்.

அவன் அப்பா வந்து பார்த்தார். சிரித்தார். பழைய சைக்கிள், விடுங்கள் என்றார். அவர் இங்கிலீஷில் சொன்னதற்குத் தமிழ் தெளிவாக ஒன்றுதான்: ஒன்னும் ஆகலையே.

நானும் சிரித்து வைத்தேன். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். கதவு கெட்டுப்போயிருக்கவில்லை. அதன் கண்ணையும் தொடுவுணர்வையும் நான்தான் எடுத்திருந்தேன்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கதவைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடை ஷட்டர் மாதிரி சுருளாது. நாலைந்து பலகைகள் கீல் போட்டுக் கோர்த்தது, இரண்டு பக்கத் தண்டவாளத்தில் ஏறிக் கூரைக்குக் கீழே படுத்துக்கொள்ளும். இரண்டு கார் நுழைகிற கதவு சுமார் 70 கிலோ இருக்கும், அதற்கு மேலும் உண்டு. அந்த எடையைத் தாங்குவது மேலே முறுக்கி வைத்த ஸ்பிரிங். மோட்டார் சும்மா தள்ளிவிடுகிற ஆள், அவ்வளவுதான். ஸ்பிரிங் சரியாக இருந்தால் ஒற்றைக் கையால் தூக்கலாம். அதனாலேயே அதன் கனம் நமக்கு மறந்துபோகிறது.

அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு கணக்கு வைத்திருந்தது. 1982 மார்ச்சில் தொடங்கி, தானாக மூடும் கராஜ் கதவின் கீழ் சிக்கி இறந்த குழந்தைகள் என்று அதற்கு வந்த தகவல் சுமார் 60. எல்லோரும் 2 வயதுக்கும் 14 வயதுக்கும் நடுவே. ஆண்டுக்கு ஏறத்தாழ நாலு பேர். 1990இல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார் எதுவானாலும், கீழே யாராவது சிக்காமல் தடுக்கும் ஏற்பாடு அதில் இருந்தே ஆக வேண்டும்.

ஏற்பாடு இரண்டு அடுக்கு. முதலாவது தொடுவுணர்வு: இறங்கும் கதவு எதிலாவது முட்டினால் இரண்டு நொடிக்குள் திரும்ப ஏற வேண்டும். இரண்டாவதுதான் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் கண்: வாசலின் இரு ஓரத்திலும் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேற்படாமல் ஒரு ஜோடி சென்சார். ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும், மற்றது வாங்கும். நடுவில் ஒரு கால் குறுக்கிட்டால் கதவு இறங்காது. ஏன் 6 அங்குலம்? தவழ்கிற குழந்தையும் படுத்திருக்கிற குழந்தையும் அந்த உயரத்தில்தான் இருக்கும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். வயர் அறுந்தாலும், லென்ஸில் சிலந்தி வலை கட்டினாலும், கண் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டாலும் கதவு மூடாது. ஒளி வந்து சேர்ந்தால் மட்டுமே பாதை காலி என்று அது நம்பும். தகவல் இல்லை என்றால் ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும். நாம் நேர்தலைகீழ். அம்மாவிடமிருந்து நாலு நாள் போன் இல்லையா, நல்லாத்தான் இருப்பாங்க. யாரும் புகார் சொல்லவில்லையா, எல்லாம் சரியாத்தான் போகுது. தெரியாததை எல்லாம் நமக்குச் சாதகமாகவே எழுதிக்கொள்கிறோம்.

கண் வேலை செய்யாத நிலையிலும் மூட வேண்டுமானால் வழி உண்டு. சுவரில் இருக்கும் பொத்தானைக் கதவு தரை தொடும்வரை விடாமல் அமுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். கையை எடுத்தால் திரும்பப் போய்விடும். என்னால் பார்க்க முடியவில்லை, அப்படியானால் நீயே நின்று பார் என்கிறது இயந்திரம்.

நான் நிற்கவில்லை. டாலஸுக்கு வடக்கே, மேற்குப் பார்த்த வீடு. ஜூன் மாதச் சாய்வெயில் வாங்குகிற கண்ணில் விழும்போது அதற்கு ஒன்றும் தெரியாமல் போகும். கதவு பாதி இறங்கும், திரும்ப ஏறும். மறுபடி அமுக்கு, மறுபடி ஏறும். ஒரு சாயங்காலம் ஏழு தடவை. நண்பன் ஒருவனுக்குப் போன் போட்டேன். "இதுக்கா மச்சான் மண்டைய ஒடச்சிக்கிற? ரெண்டு சென்சாரையும் கழட்டி மேல மோட்டார் பக்கத்துல ஒன்னையொன்னு பாக்குற மாதிரி வச்சு டேப் போட்டு ஒட்டிரு. எங்க வீட்ல மூணு வருஷமா அப்படித்தான் இருக்கு. ஒன்னும் ஆகல." அப்படியே செய்தேன். ஜனவரிக் குளிரில் கதவு இறுகிக்கொண்டு பாதியில் நின்றபோது, மோட்டாரில் இருந்த விசைத் திருகையும் கூட்டி வைத்தேன். அதனால்தான் சைக்கிளைத் தொட்டதும் திரும்ப வேண்டிய கதவு, நசுக்கிய பிறகு திரும்பியது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஒன்னும் ஆகலை என்பது உண்மை. அப்படியானால் நான் செய்தது என்ன?

1877இல் வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேய கணித அறிஞர் இதையேதான் ஒரு கப்பலை வைத்துக் கேட்டார். பழைய கப்பல், பழுது பார்க்க வேண்டும் என்ற சந்தேகம் சொந்தக்காரருக்கு இருக்கிறது. இத்தனை தடவை பத்திரமாகப் போய்வந்த கப்பல்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஆட்களை ஏற்றி அனுப்புகிறார். மூழ்கினால் அவர் குற்றவாளி. மூழ்காமல் கரை சேர்ந்தால்? அப்போதும் அதே அளவு குற்றவாளி என்கிறார் கிளிஃபோர்ட், கொஞ்சமும் குறையாமல்.

நூறு வருஷம் கழித்து தாமஸ் நேகல் தார்மீக அதிர்ஷ்டம் பற்றி எழுதியபோது ஒரு லாரி ஓட்டுநரைக் கொண்டுவந்தார். பிரேக்கைச் சரிபார்க்காமல் விட்டவர். குழந்தை குறுக்கே ஓடினால் அந்தச் சாவுக்காகக் காலம் முழுக்கத் தன்னையே நொந்துகொள்வார். யாரும் ஓடவில்லை என்றால் அதே அலட்சியத்துக்காக லேசாக வருத்தப்படுவார், அதுவும் ஞாபகம் வந்தால். ஓட்டுநர் செய்தது இரண்டிலும் ஒன்றேதான், வித்தியாசம் குழந்தையின் கால்களில் இருக்கிறது. இது நியாயமில்லை என்று நமக்குத் தெரியும், ஆனால் நாம் தீர்ப்பு சொல்வது இப்படித்தான் என்கிறார் நேகல்.

படிக்கும்போது கிளிஃபோர்ட் பக்கம்தான் நின்றேன். அந்தச் சனிக்கிழமை ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பையன் அந்த ரெண்டு எட்டைக் கடந்திருந்தால் தூங்கியிருக்க மாட்டேன். அதாவது என் புத்தி கிளிஃபோர்டுடன், உடம்பு நேகலுடன். பராமரிப்பு என்ற வேலை இந்த இடைவெளியில்தான் செத்துப்போகிறது என்று நினைக்கிறேன். ஆகாத ஒன்றுக்காக உடம்பு பயப்படாது. பயப்படாத உடம்பு ஏணி போட்டு ஏறாது.

நமக்கு இந்த விஷயத்தில் வாய்த்த பெரிய கதை மனுநீதிச் சோழன். திருவாரூர்த் தெருவில் இளவரசன் தேர் போகிறது, யாரும் கவனிக்காத நொடியில் கன்று சக்கரத்தடியில் புகுந்துவிடுகிறது, பசு வந்து ஆராய்ச்சி மணியை இழுக்கிறது, ராஜா மகன்மேல் தேரை ஓட்டுகிறார். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலைகூட இருக்கிறது. சின்ன வயசில் இந்தக் கதையைக் கேட்டு அழுதிருக்கிறேன். இப்போது வேறொன்று உறுத்துகிறது. மறுநாள் திருவாரூரில் தேர்கள் எப்படி ஓடின? தேருக்கு முன்னால் ஓர் ஆளை நடக்க விட்டார்களா? கதையில் இல்லை. கன்று செத்த பிறகு அடிக்கிற மணி நம்முடையது. செத்த பிள்ளைகளின் அப்பாக்களைப் பிடித்து உள்ளே போடாமல், கதவுக்குக் கண் வைக்கச் சொன்ன அந்த 1990 சட்டத்தை எழுதியவர்களுக்கு யாரும் சிலை வைக்கப் போவதில்லை. (அதுவும் சாவுகளுக்குப் பிறகு வந்ததுதான். கலிபோர்னியாவில் 2017 காட்டுத்தீயின்போது கரண்ட் போய், கராஜ் கதவைத் திறக்க முடியாமல் மக்கள் மாட்டிக்கொண்டு இறந்த பிறகுதான், 2019 ஜூலையிலிருந்து மோட்டாருக்கு பேட்டரி கட்டாயம் என்றார்கள்.)

ஞாயிற்றுக்கிழமை டேப்பைப் பிய்த்தேன். சென்சார்களை வாசலில் பழைய இடத்தில் மாட்டினேன். வெயில் பிரச்சினைக்கு, சமையலறைப் பேப்பர் சுருள் தீர்ந்ததும் மிஞ்சுமே அட்டைக் குழல், அதில் ஒரு துண்டை வெட்டி வாங்குகிற கண்ணுக்குத் தொப்பி மாதிரி போட்டேன். இருபது நிமிஷ வேலை. ஒன்பது மாதம் இதைத்தான் செய்யாமல் இருந்திருக்கிறேன். பிறகு ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரக்கட்டையை வாசலில் படுக்கப் போட்டு கதவை இறக்கினேன். கட்டையில் முட்டியதும் ஏற வேண்டும். ஏறவில்லை, அழுத்திக்கொண்டு நின்றது. விசையைக் குறைத்தேன், மறுபடி. மூணாவது தடவை ஏறியது. மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். கட்டை இப்போது ஷூ ரேக்குக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

பையனுக்குப் புது சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். அவன் அம்மா கேக் செய்து அனுப்பினார். தெருவில் எனக்கு நல்ல பேர். டேப் விஷயத்தை அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டுக்கொள்கிறேன், அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு வசதியானது என்பதும் தெரிகிறது.

பொங்கலுக்கு அந்த நண்பன் வீட்டில் கூடினோம். பெரிய கூட்டம், கராஜில்தான் பந்தி. ஏழெட்டுப் பிள்ளைகள் உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தேன். மோட்டார் பக்கத்தில் ரெண்டு சென்சாரும் ஒன்றையொன்று பார்த்தபடி, பச்சை விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. அவன் என் பார்வையைக் கவனித்துவிட்டான். "என்ன மச்சான், நாலு வருஷம் ஆகுது, இன்னும் ஒன்னும் ஆகலையே" என்றான்.

ஏணி எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.