யார் பாத்தியில் விழும் மழை

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுச் சாமி மாடத்துக்கு முன்னால் இரண்டு வேண்டுதல்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். என் வீட்டுக்காரர் மழை கேட்பார். பிறந்த வீட்டை நினைத்துக்கொண்டு, மாதம் முடியும்வரை வெயில் காயட்டும் என்று நான் கேட்பேன். விளக்கும் ஒன்று, திருநீறும் ஒன்று. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை: ஒருத்தருக்கு நல்லது செய்தால் இன்னொருத்தர் வயிற்றில் அடிப்பதாக ஆகும் ஒன்றைக் கடவுளிடம் கேட்கலாமா?

வேதாரண்யத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தாலும் திறக்காவிட்டாலும் எங்கள் வயலுக்குக் காவிரி வராது. வானம் பார்த்த பூமி. ஆவணியில் புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு, ஒரு உழவு மழைக்குக் காத்திருக்க வேண்டும். என் தம்பிக்கு அகஸ்தியம்பள்ளியில் உப்பள வேலை. 1930 ஏப்ரலில் ராஜாஜி வந்து உப்பு அள்ளிய அதே அகஸ்தியம்பள்ளி. அது சித்திரை மாதம். அந்தச் சித்திரை வெயில் ஏமாற்றியிருந்தால் அள்ளுவதற்கு அங்கே உப்பு இருந்திருக்காது என்று அப்பா சொல்வார். தை மாதத்தில் பாத்தியை மிதித்துப் பதப்படுத்தி, உவர்நீர் பாய்ச்சி, பங்குனி சித்திரையில் முழுவேகத்தில் வாரத் தொடங்கினால் புரட்டாசி வரை ஓடும். அந்தக் கடைசி வாரங்களில் வாங்குகிற கூலிதான் அடைமழைக் காலத்துக்கான கையிருப்பு. அப்போது பார்த்து ஒரு மழை கொட்டினால் பாத்தி கரைந்துபோகும், மறுபடி மிதிக்க வேண்டும். அந்த மழைதான் எங்கள் வயலில் முளையைக் காப்பாற்றும்.

"மச்சான், ரெண்டு உழவு மழை பெஞ்சாப் போதும்யா" என்று வீட்டுக்காரர் சொல்லுவார். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தலையை ஆட்டுவான். "பெய்யட்டும் மாமா. பத்து நாள் கழிச்சுப் பெய்யட்டும்" என்பான். ஒருநாளும் அது சண்டையாக ஆனதில்லை. ஆனால் அந்தப் பத்து நாளுக்குள் இரண்டு குடும்பத்தின் சோறும் இருந்தது.

மழை வருவதை எங்கள் வீட்டில் முதலில் சொல்வது உப்புச் சாடிதான். அடுப்பங்கரை மூலையில் வாய் அகன்ற பீங்கான் சாடி, அதில் தம்பி கொண்டுவந்து கொட்டிய கல்லுப்பு. காற்று கீழைக்கு மாறி ஈரம் ஏறினால் மேலே இருக்கும் கற்கள் முதலில் பளபளப்பு இழக்கும். பிறகு விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். அப்புறம் சாடியின் உள்சுவரில் நீர் கோர்த்து, அடியில் கசந்த நீர் தேங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம்தான் காற்றின் ஈரத்தை இழுக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்த பேத்தி எனக்கு விளக்கினாள். என் மாமியாருக்கு அந்த விவரம் தெரியாது. சாடிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "உப்பு வேர்க்குது. கொடியில கெடக்குற துணிய எடு. வெறகை உள்ள அடுக்கு" என்று உத்தரவு போடுவார். தீப்பெட்டி அரிசி டப்பாவுக்குள் போகும். வற்றல் மூட்டை பரணுக்கு ஏறும். கன்றுக்குட்டி தாழ்வாரத்துக்கு வரும். படுக்கிற இடங்கள்கூட மாறும். வாசலில் படுத்த ஆண்கள் கூடத்துக்கு வர, கூடத்தில் படுத்த நாங்கள் அடுப்பங்கரைக்குள் ஒடுங்குவோம். பிள்ளைகளுக்குக் கதை கேட்கும் காலமும் அதுதான்.

உப்பளத் தெருவில் அந்த மாதங்கள் வேறு மாதிரி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் வேலை இல்லாத மாதங்கள். முதலாளியிடம் முன்பணம் வாங்கித் தின்பார்கள். தையில் அது கழியும். அரசாங்கம் இப்போது மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறது. என் அம்மா காலத்தில் அதெல்லாம் இல்லை. எங்கள் மாமியார் வீட்டிலிருந்து பழைய நெல் ஒரு மூட்டை ஐப்பசியில் தெற்கே போகும். மாசியில் புது உப்பு ஒரு மூட்டை வடக்கே வரும். யாரும் கணக்கு எழுதியதில்லை. இதை வெறும் உறவுமுறை என்றுதான் ஊரில் சொல்வார்கள். நான் இதை வழிபாட்டின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன். தனக்கு வேண்டிய மழையைக் கேட்டு வாங்கியவர், அந்த மழையால் அடுப்பு அணைந்த வீட்டுக்கு நெல் அனுப்புகிறார். அதுதான் அந்த வேண்டுதலுக்கு உரிய காணிக்கை.

நம் மரபில் மழை சும்மா வருவதல்ல. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாகவே வான் சிறப்பை வைத்தார். வானம் வறண்டால் தேவர்களுக்கான பூசையும் திருவிழாவும்கூட நடக்காது என்கிறார். மழை இல்லாமல் கடவுளை நினைக்கிற மனுஷனே இல்லை என்பதை இவ்வளவு துணிச்சலாகச் சொன்ன அறநூல் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வரிசையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஏற்க முடியாதது இன்னொன்று. மாதம் மும்மாரி பெய்ய வேண்டும், அதில் ஒரு மழை கற்புடைய பெண்களுக்காகப் பெய்கிறது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். நல்லவர்களால் மழை வருகிறது என்றால், வராதபோது கெட்டவர் யார் என்று தேடத்தானே செய்வார்கள்? என் சிறுவயதில் மழை பொய்த்த ஒரு வருஷம் கொடும்பாவி கட்டி இழுத்தார்கள். வைக்கோலால் செய்த உருவத்தைத் தெருத்தெருவாக இழுத்துப்போக, பெண்கள் பின்னால் மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். ஊரின் பாவத்தையெல்லாம் சுமந்த அந்த உருவத்துக்குப் புடவை சுற்றியிருந்தது. புருஷனை விட்டுவந்து எங்கள் தெருவில் தனியாக இருந்த ஒரு அக்கா அன்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவில்லை. யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிந்திருந்தது. வானத்தின் குறையை ஒரு பெண்ணின் ஒழுக்கத்தில் தேடுகிற பக்தி எந்த ரூபத்தில் வந்தாலும் எனக்கு வேண்டாம்.

கஜா புயலுக்குப் பிறகும் அதே பேச்சைக் கேட்டேன். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிய நேரம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் அது கரையைக் கடந்தபோது நாங்கள் கூடத்தின் நடுத்தூணைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். விடிந்து பார்த்தால் நிமிர்ந்த தென்னை இல்லை. மாவும் முல்லைத் தோட்டமும் போயின. உப்பளங்களில் சேறு ஏறியிருந்தது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆறுதல் சொல்ல வந்த ஒரு பெரியவர், ஊரில் பாவம் பெருத்துவிட்டது, ஆண்டவன் கணக்குத் தீர்த்துவிட்டான் என்றார். நான் தெருவைப் பார்த்தேன். விழுந்தவை கீற்று வீடுகள். நின்றவை கான்கிரீட் வீடுகள். பாவம் கீற்றுக்கடியில் மட்டும்தான் குடியிருந்ததா? கூரையைப் பார்த்துத் தண்டிக்கிற ஒரு தெய்வத்தை நான் கும்பிடவில்லை. கும்பிடவும் மாட்டேன். காற்றுக்குக் காரணம் கடலின் சூடு. வீடு விழுந்ததற்குக் காரணம் வீட்டைக் கட்ட வழியில்லாத கூலி. இரண்டையும் சேர்த்துச் சாமி மேல் ஏற்றிவிட்டால் கூலியைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை.

அப்படியானால் வேண்டுதலே கூடாதா என்று என் மகன் கேட்பான். கூடும். எங்கள் ஊர்க் கோயிலின் கதையே அதற்குச் சாட்சி. திருமறைக்காடு என்ற வேதாரண்யத்தில் வேதங்கள் பூசித்து அடைத்த கதவைத் திறக்க அப்பர் பாடினார், திரும்ப அடைக்க ஞானசம்பந்தர் பாடினார். அப்பருக்குப் பதிகம் முழுக்கப் பாடிய பிறகே திறந்தது. சம்பந்தருக்கு முதல் பாட்டிலேயே அடைத்துக்கொண்டது. அப்பருக்கே அது வருத்தமாக இருந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. ஆனால் அப்பரின் பக்தி ஒரு பிடி குறைவு என்று இந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. கேட்டது எப்போது கிடைத்தது என்பதை வைத்துக் கேட்டவரை எடைபோடக் கூடாது என்பதை அந்தக் கதவுக்கு எதிரில் நின்றுதான் கற்றுக்கொண்டேன். மழை தள்ளிப்போனால் நம் வேண்டுதலில் குறை என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களை அந்த வாசலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தத் தோன்றும்.

என்ன கேட்பது என்பதைக் கற்றுக்கொடுத்தவர் தோப்புத்துறை முஸ்லிம் அக்கா ஒருவர்; லாத்தா என்று கூப்பிடுவோம். எங்கள் வயல் நெல்லைப் புழுக்கிக் குத்தி விற்றுக்கொண்டிருந்த காலத்தில் வாடிக்கையாக வருவார். மழைக்காகத் தனியாக ஒரு தொழுகை உண்டு என்றும், அதில் மேலாடையைப் புரட்டிப் போட்டுக்கொள்வது நபிவழி என்றும் சொன்னார். எனக்கு அதைவிட மனதில் நின்றது அவர் சொன்ன இன்னொரு சம்பவம். ஒரு வெள்ளிக்கிழமை ஒருவர் வந்து, கால்நடை சாகிறது, மழை கேளுங்கள் என்று நபிகளிடம் சொன்னார். கேட்டார், பெய்தது. அடுத்த வெள்ளிவரை விடாமல் பெய்தது. மறுபடி ஒருவர் வந்து, வீடெல்லாம் இடிகிறது, நிற்கச் சொல்லுங்கள் என்றார். நபிகள் மழையை நிறுத்தச் சொல்லிக் கேட்கவில்லை. எங்கள் மேல் வேண்டாம், எங்களைச் சுற்றி, குன்றுகள் மேலும் ஓடைகள் மேலும் பெய்யட்டும் என்று கேட்டார். "பாத்தியா புள்ள, மழையை வேணாம்னு சொல்லலை. எங்க வேணும்னு சொன்னாங்க" என்றார் லாத்தா. அன்றிலிருந்து நான் விளக்கேற்றும்போது வெயிலையும் கேட்பதில்லை, மழையையும் கேட்பதில்லை. அதது அதன் முறையில் வரட்டும் என்று கேட்கிறேன். பருவம் என்பது வயல் வீட்டுக்கும் உப்பள வீட்டுக்கும் இடையில் யாரோ எப்போதோ செய்துவைத்த ஒப்பந்தம். ஐப்பசி வயலுக்கு, சித்திரை உப்பளத்துக்கு. அந்த ஒப்பந்தம் நிலைக்கட்டும் என்று கேட்டால் யார் வயிற்றிலும் அடித்ததாகாது.

அந்த ஒப்பந்தம் இப்போது குலைகிறது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், தை மாதம், மழை நிற்க வேண்டிய காலத்தில், டெல்டா முழுக்கக் கொட்டியது. அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து தண்ணீரில் படுத்தது. கதிரிலேயே முளை விட்டதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளையாக, நகக்கண் அளவுக்கு வேர். கொள்முதலுக்கு 17 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு. வானம் மூடியிருக்கும்போது எங்கே காயவைப்பது? பிறகு வரம்பைத் தளர்த்தினார்கள். அதே வாரத்தில் தம்பி மிதித்துவைத்திருந்த பாத்திகளும் குளமாகிக் கிடந்தன. வீட்டுக்காரரும் தம்பியும் திண்ணையில் உட்கார்ந்து ஒரே வானத்தை ஒரே மாதிரி பார்த்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். இரண்டு பேருக்கும் வெயில் வேண்டியிருந்தது. நெல் மூட்டை தெற்கே போகவும் வழியில்லை, உப்பு மூட்டை வடக்கே வரவும் வழியில்லை. ஒருவர் விழுந்தால் மற்றவர் தாங்குவதற்காக இருந்த ஏற்பாடு, இருவரும் சேர்ந்து விழும் நாளுக்கு உதவவில்லை.

கடல் சூடேறியிருக்கிறது, கரியும் எண்ணெயும் எரித்த புகை அதற்குக் காரணம் என்று அறிவியலாளர்கள் சொல்கிறார்கள். தைமழை முன்பும் எப்போதாவது பெய்ததுண்டு, ஒவ்வொரு மழையையும் அதன் மேல் எழுத முடியாது. ஆனாலும் முறை தவறுவது கூடிக்கொண்டே போகிறது என்பதில் எங்கள் வயலில் யாருக்கும் சந்தேகமில்லை. மழையில் மனிதனின் கை கலந்துவிட்ட பிறகு, கேள்வி சாமிக்கு மட்டும் உரியதல்ல. தன் கையால் குலைத்ததைச் சரிசெய்து கொடு என்று சாமியிடம் மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போவது வேண்டுதல் ஆகாது. பொறுப்பை இறக்கிவைப்பதுதான்.

மழை தள்ளிப்போய்ப் பயிர் சுருண்ட ஒரு ஐப்பசியில் மாரியம்மன் கோயிலில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். வருண ஜபம் நடத்த வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல். கொடும்பாவியும் இழுக்கலாம் என்று ஒருவர் ஆரம்பித்தார். பெண்கள் வர மாட்டோம் என்றேன். பக்கத்தில் இருந்த மற்றவர்களும் வர மாட்டோம் என்றார்கள், அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. ஜபம் நடக்கட்டும், எனக்கு மறுப்பில்லை என்றேன். ஆனால் நாம் கேட்கிற மழை முதலில் ஒழுகப்போவது உப்பளத் தெருக் கூரைகளில். அங்கே கஜாவுக்குப் பிறகு சரியாக வேயாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. வசூலில் பாதி கீற்றுக்கும் கயிற்றுக்கும் போகட்டும் என்று கேட்டேன்.

சாமி பணத்தில் கூரையா என்று ஒரு சத்தம். உப்பளத் தெருக்காரர்கள் மழைக்கு வரி கொடுக்கவில்லையே என்று இன்னொன்று. மழையே வேண்டாத வீட்டிடம் எதற்கு வரி என்று தம்பி எழுந்து கேட்டான். கடைசியில் நாட்டாண்மைக்காரப் பெரியப்பா பாதிக்கு ஒப்புக்கொண்டார். ஜபம் முடிந்து மிஞ்சுகிற பணத்திலிருந்து கொடுக்கலாம் என்றார். மழை வந்த பிறகு எந்தக் கூரைமேல் ஏறி வேய்வது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு கீற்று முதலில் என்று முடிவானது. ஜபம் வெள்ளிக்கிழமை. கீற்று வண்டி செவ்வாய்க்கிழமையே உப்பளத் தெருவில் இறங்கியது.