சுவருக்குள் ஒரு கம்பி

இருக்கன்குடியில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்துக்கு அருகே எங்கள் வீடு. மின்சாரக் கார் வாங்கியதும் அதற்குச் சார்ஜர் பொருத்த வேண்டியிருந்தது. கம்பி வெளியே தெரிந்தால் அழகு கெடுமே என்று சுவரைக் கொத்திப் புதைக்கச் சொன்னேன்.

"உள்ளே போவதுதானே, மிச்சமிருக்கும் பழைய கம்பி போதாதா?" என்றும் கேட்டேன்.

வயரிங் வேலைக்கு வந்த இளைஞர் சிரிக்கவில்லை. "வெளியே ஓடுற கம்பி சூடானா கண்ணுக்குத் தெரியும், அண்ணாச்சி. உள்ளே போறதுக்குத்தான் நல்ல கம்பி வேணும்" என்றார். 32 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடுமாம். 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் எர்த்தும் வேண்டுமாம்.

நான் வெட்கினேன். சிவகாசிப் பக்கத்தில் வாழ்பவனுக்குப் பொறியின் வலிமையை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், பிறர் கண் படாத இடத்தில் காசை மிச்சம் பிடிக்க மனம் துணிந்ததே!

மறைப்பதே குற்றமா? நரம்பும் தோலுக்குள்தானே ஓடுகிறது? அழகுக்காக மறைப்பது வேறு. குறையை ஒளிப்பது வேறு. இரண்டையும் ஒரே சுண்ணாம்புப் பூச்சு மூடிவிடுகிறது என்பதுதான் அச்சத்துக்குரியது.

பூசுவதற்கு முன் கம்பி செல்லும் வழியை அளந்து, ஒரு தாளில் வரைந்து கொடுத்தார் அவர். நாளை யாராவது அங்கே ஆணி அடிக்கக் கூடுமே! அதை மெயின் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன்.