உயிர்நூற் பாடமும் உயிரிரக்கமும்



மாரி பிறந்தவுடன் நாவிதன்வெளி வயல்களிலே தவளைகள் ஒலிக்கின்றன. அவ்வொலி கேட்டு வளர்ந்த பிள்ளையின் கையிலே, உயிர்நூற் பாடவேளையிற் கத்தியைக் கொடுத்து, "இதனை அறுத்துப் பார்" என்றல் தகுமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

உடம்பை அறிதல் நம் சமயத்துக்குப் பகையன்று. தனு கரண புவன போகங்கள் ஆன்மாக்கள் மலம் நீங்குதற்பொருட்டு இறைவன் தந்தருளியவை என்பது சித்தாந்தம். கருவியை அறியாதவன் அதனைப் பேணுமாறு எங்ஙனம்? அமெரிக்க மிஷன் வைத்தியராய் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். அங்காதிபாத நூலையும் தமிழாக்கினார். அவர் சமயம் வேறாயினும் இவ்வுபகாரத்தை நாம் மறத்தலாகாது. கல்கத்தாவிலே ஆயுள்வேதம் வல்ல மதுசூதன குப்தர் 1836ஆம் ஆண்டில் மனிதப் பிரேதத்தை அறுத்துக் கற்றார். பிரேதத்தை அறுத்தல் வேறு; அறுத்தற்பொருட்டு உயிருள்ளதைப் பிரேதமாக்குதல் வேறு. வழக்கு முழுவதும் இவ்வேறுபாட்டின்மேலேயே நிற்கின்றது.

பாடம் நிகழுமாற்றை உள்ளபடி கூறுவாம். மயக்கமருந்தினாலேனும், பிடரிவழி ஊசி செலுத்தி மூளையை அழித்தலினாலேனும் தவளையை உணர்விழக்கச் செய்வர். மல்லாத்தி, நான்கு கால்களையும் மெழுகுத் தட்டிலே ஊசியாற் குத்தி, வயிற்றுத் தோலைக் கீறுவர். இதயம் அப்பொழுதும் துடித்துக்கொண்டிருத்தலுண்டு. மேலறை இரண்டு, கீழறை ஒன்று, ஆக மூன்றறையென்று மாணாக்கன் குறித்துக்கொள்வான். பின்னர் அவ்வுடல் குப்பைக்குப் போகும். மூன்றறை என்பதோ அவன் கைப்புத்தகத்திலே முன்னரே அச்சிடப்பட்டிருந்தது! ஒருவரும் அறியாததைத் தேடும் ஆராய்ச்சியாளர் திறம் வேறு விசாரணை. அதனுள் யான் புகவில்லை. தெரிந்ததை மீளவும் காண்டற்கு ஓருயிரின் போகத்தை இடையில் அறுக்கலாமோ என்பதே நம் வினா.

"கையாற் செய்யாத கல்வி கல்வியாகுமோ?" என்பர். இவ்வாட்சேபம் இலேசானதன்று. ஆயினும் வைத்தியராகப் போகின்றவர், மருத்துவ பீடத்திலே, மனமுவந்து ஈயப்பட்ட மனித உடலிற் கற்பர். ஏனையோர்க்குக் கத்திப் பழக்கம் வேண்டுமாயின் செம்பரத்தம்பூ ஒன்று போதும். கேசரங்கள் ஒன்றுகூடிக் குழாயாயிருத்தலையும், சூலகத்தைக் குறுக்கே வெட்டின் ஐந்தறை தோன்றுதலையும் பிள்ளை தன் கையாலேயே காணும். இதயத்தின் தொழிலுக்குத் தன் மணிக்கட்டு நாடியை ஓடுமுன்னும் ஓடியபின்னும் எண்ணுக. மீன்கடையிற் கிடைக்கும் செவுளைக் காட்டலாமே என்பாரும் உளர். உண்போர் பொருட்டே விற்போர் கொல்கின்றனர் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் புலான் மறுத்தலில் வைத்தமையால், நமக்கு அவ்வழி முற்றும் தூயதன்று. எனினும் பாடத்துக்கென்றே கொல்லுதலினும் அது குறைந்த குற்றமென்பதை மறுக்கேன்.

இஃது ஏதோ சைவர் மாத்திரம் கொண்ட கூச்சமென்று நினையற்க. கல்முனை முஸ்லிம் ஆசிரியரை வினவுமின்: மருந்திற் சேர்த்தற்கெனத் தவளையைக் கொல்லுதலை நபிகளார் விலக்கினார் என்று அபூதாவூத் தொகுத்த ஹதீஸ் கூறுகின்றது. கலிபோர்னியாவிலே ஜெனிபர் கிரகாம் என்னும் மாணவி 1987இல் தவளையை அறுக்க மறுத்து வழக்காடினாள். மறுவருடம் அம்மாநிலத்தில் மாணாக்கர் மறுத்து வேறு வழியிற் கற்கும் உரிமை சட்டமாயிற்று. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் வகுப்புகளில் அறுத்தலைக் குறைக்க 2011இல் விதி செய்து, 2014இல் முற்றும் விலக்கியது. இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியைத் தடுத்ததும் 1987இலேயாம். வயற்பூச்சிகளைத் தின்னும் தவளை அருகினால் உழவனுக்கே கேடென்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. நம் வேளாண் குடிகளுக்கு இதனை விரித்தல் வேண்டா.

யான் மிஷன் பாடசாலையிற் பயின்றவன். அறுக்க மாட்டேமென்று நின்ற பிள்ளைகளைக் கோழையரென்று பிறர் நகைக்கக் கேட்டுள்ளேன். அந்நகைப்பு நம் வகுப்பிலே எழலாகாது. எவ்வுயிர்ப் பொருளையாயினும் அறுக்கும் பாடம் உளதாயின், முந்திய நாளிலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனி வினவுக. மறுத்தாற் புள்ளி குறையாதென்பதையும் அப்பொழுதே சொல்லுக. கத்தி கையில் வந்தபின், தோழர் பார்த்து நிற்க, பிள்ளை வாய்திறவாது.