இலேசான சக்கரமும் கனமான பொறுப்பும்

மெல்லியது வேறு, நலிந்தது வேறு. தோல் தொழிலில் கை பழகிய ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மக்களுக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷூவின் மேல்தோலை மடித்துத் தைக்கும் ஓரத்தில் சீவி மெல்லியதாக்குகிறோம், அது வேலைப்பாடு. அதே சீவலை இழுப்பு விழும் இடத்தில் செய்தால், லாஸ்டிங் மெஷினில் இழுக்கும்போதே தோல் கிழிந்துவிடும்; அது நட்டம். எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்று அறிவதே தொழில்.

இந்த அறிவை நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று இன்னொரு பொருளிலும் காட்ட வேண்டியிருக்கிறது. வேகமான மோட்டார் சைக்கிள் வாங்கியவர்களில் சிலர், கம்பெனி கொடுத்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு எடை குறைந்த வேறு சக்கரங்களைப் பூட்ட விரும்புகிறார்கள். இது தேவையா, வீண் விரயமா? கூடுமா, கூடாதா? ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் பொருளின் தன்மையை அறியாமல் சொல்லும் தீர்ப்பு நியாயமாகாது. ஆகவே முதலில் சக்கரத்தைப் பார்ப்போம்.

பெட்ரோல் டாங்கில் உள்ள ஒரு கிலோ வண்டியோடு முன்னே மட்டும் போகிறது. சக்கரத்தின் விளிம்பில் உள்ள ஒரு கிலோவோ முன்னேயும் போகிறது. கூடவே சுழலவும் செய்கிறது. அதை வேகப்படுத்த ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றல் வேண்டும். பிரேக் பிடிக்கும்போது அந்த இரு மடங்கையும் தணித்தாக வேண்டும். மேலும் சக்கரம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் பாகம். மேடு பள்ளத்தில் இலேசான சக்கரம் சட்டென்று எழுந்து, சட்டென்று இறங்கித் தரையைத் தொடுகிறது. கனத்த சக்கரம் துள்ளுகிறது. வளைவில் வண்டியைச் சாய்ப்பதும் எளிதாகிறது. எனவே, இதெல்லாம் வெறும் பகட்டு என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவது சரியல்ல. இதில் உண்மையான நன்மை இருக்கிறது.

ஆனால் எடை எப்படிக் குறைந்தது என்று கேட்க வேண்டாமா? அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்வது வார்ப்புச் சக்கரம். வார்ப்பு சரியில்லையானால் உள்ளே காற்றுக் குமிழிகள் தங்கிவிடும். உலோகக் கட்டியைப் பெரும் அழுத்தத்தில் நசுக்கி உருவாக்குவது ஃபோர்ஜிங் முறை, அதில் உலோகம் இறுகி வலுப்பதால் குறைந்த கனத்திலேயே அதே பலம் கிடைக்கிறது, விலையும் ஏறுகிறது. மக்னீசியம் அலுமினியத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் பூச்சு போய் ஈரமும் உப்பும் பட்டால் எளிதில் அரிக்கும். கார்பன் இழைச் சக்கரம் மிக இலேசு; அடிபட்டால் உள்காயம் வெளியே தெரியாமலும் போகலாம். இவற்றில் எதையும் செய்யாமல், உலோகத்தை மட்டும் குறைத்து, மேலே பளபளப்பான பெயிண்ட் அடித்து விற்கும் போலிச் சரக்கும் உண்டு.

ஸ்பிளிட் தோலின் மேல் கனமாகப் பூச்சுக் கொடுத்து முதல்தரத் தோல் என்று விற்பவனை நம் வட்டாரம் நன்கு அறியும். அந்தச் செருப்பு அறுந்தால் வெறுங்காலோடு வீடு வந்து சேரலாம். சக்கரம் விரிந்தால் வீடு வந்து சேர முடியுமா? மேலே காய்ந்த தானியத்தைப் பரப்பி, உள்ளே நனைந்ததை மறைத்த வியாபாரியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாம் அனைவரும் அறிந்ததே. பந்தயத்தில் அடிபட்ட சக்கரத்தின் வெடிப்பை நிரப்பி, பெயிண்ட் அடித்து, அடுத்தவர் தலையில் கட்டுவது அதனினும் கொடிது. அங்கே போனது காசு. இங்கே போவது உயிர்.

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் மோட்டார் பந்தயத் திடல் இருக்கிறது. அதற்கு முன் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. திடலில் எதிரே லாரி வராது. தளம் சீராக இருக்கும். பந்தயத்துக்கு முன் வண்டியைச் சோதிப்பார்கள். அங்கே இலேசான சக்கரம் தகுந்த கருவி. அதே நெடுஞ்சாலைதான் ஆம்பூர் வழியாகவும் வாணியம்பாடி வழியாகவும் போகிறது. இங்கே ஷூ கம்பெனி வேலை முடிந்ததும் பெண்கள் கூட்டமாகச் சாலைக்கு வருகிறார்கள். திடலுக்கென்று செய்த சக்கரத்துக்கு இந்தச் சாலையின் பள்ளமும் தெரியாது. பின்சீட்டில் தாயாரும் மடியில் அரிசிப் பையும் இருப்பதும் தெரியாது. நமக்குத் தெரியும்.

குதிரைகள் மூன்று வகை என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் உள்ளது. ஒருவருக்கு அது நன்மை. இன்னொருவருக்கு வறுமையை மறைக்கும் திரை. பெருமைக்கும் பகட்டுக்கும் வளர்ப்பவருக்கோ அது பாவச் சுமை. குதிரை ஒன்றுதான், வைத்திருப்பவரின் நிய்யத்தே அதை மூன்றாக்குகிறது. இன்றைய வாகனத்துக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். நல்ல உடையையும் நல்ல காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று கேட்கப்பட்டபோது, அழகை விரும்புவது பெருமையல்ல, உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று விளக்கினார்கள் நபியவர்கள். காலணி செய்து உலகுக்கு அனுப்பும் ஊரார் நாம். அழகு கூடாது என்று நாமே சொல்வது பொருந்துமா? அழகு பிழையல்ல. ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காக, சாலையில் வரும் மற்றவரின் உயிரைப் பணயம் வைப்பதுதான் பிழை.

வேலூரில் நம் கண்ணெதிரே ஒரு சாட்சி உண்டு. சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு சாலை விபத்தில் முதுகெலும்பு முறிந்து இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்துக்கு உயிர்கொடுத்தவர் அவர். முதுகுத்தண்டு முறிந்தவர்கள் அங்கே மீண்டும் வாழக் கற்கிறார்கள். அங்கே உருளும் சக்கரங்களையும் ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு வண்டிக்குச் சக்கரம் தேர்ந்தெடுக்கட்டும் நம் பிள்ளைகள்.

அப்படியானால் என்ன செய்வது? திடலில் முறையாக ஓட்டப் பழகுபவர், தகுதியுள்ள நிறுவனத்தின் ஃபோர்ஜ்டு சக்கரத்தை, கடன்படாமல், வீட்டுச் செலவுக்குக் குறைவு வைக்காமல் வாங்கினால் அது விரயமாகாது. தினமும் சாலையில் போகிறவருக்கு, அந்த வண்டிக்கென்றே சோதித்துக் கம்பெனி கொடுத்த சக்கரமே போதும். அதை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் நான்கு கேள்விகளுக்குப் பதில் கிடைக்க வேண்டும். எவ்வளவு பாரம் தாங்கும்? நம் டயரின் அகலத்துக்குப் பொருந்துமா? பிரேக் டிஸ்க்கும் ஏ.பி.எஸ். சென்சாரும் அதனதன் இடத்தில் சரியாக அமருமா? இருசக்கர வண்டிகளின் அலாய் சக்கரங்களுக்கான ஐ.எஸ். 16192 தரச்சோதனையில் தேறியதா? விற்பவர் மழுப்பினால் விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிட வேண்டும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பைத் தன்னிச்சையாக மாற்றத் தடை விதிக்கிறது. 2019-இல் வந்த திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சக்கரத்தில் ஒரு கிலோ குறைக்க ஆயிரக்கணக்கில் செலவிடும் தம்பி, ஆம்பூர் பிரியாணியில் ஏறிய ஐந்து கிலோவைக் குறைக்க ஒரு காசும் செலவில்லை! டயரில் காற்றைச் சரியாக வைப்பதும், பேரிங்கைப் பார்ப்பதும், பிரேக்கைப் புதுப்பிப்பதும் அப்படியே. குறைந்த செலவில் நிறைந்த பயன்.

வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவின் கருத்து என்ன? இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் இறைவன். நம் பலத்தால் இது வசப்படவில்லை. அவனிடமே நாம் திரும்ப வேண்டியவர்கள் என்பதுதானே! அந்தச் சொற்களை நாவால் ஓதிவிட்டு, வலு அறியாத சக்கரத்தில் கண்மூடி விரையலாமா? நம் பிள்ளைகள் பத்திரமாகப் போய், தம்மால் எவருக்கும் தீங்கு நேராமல் வீடு திரும்ப வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.