சுழலில் நிற்கும் இரண்டு பங்கு

மாணவன்: உஸ்தாத், குவாரிஸ்மியின் வஸிய்யத்துக் (மரண சாசனக்) கணக்கொன்றில் சிக்கிக்கொண்டேன்.

உஸ்தாத்: பக்தாதில் 820 வாக்கில் அவர் எழுதிய அல்ஜிப்ரா நூல். ஏறத்தாழப் பாதி இத்தகைய வழக்குகள்தான். சொல் மகன்.

மாணவன்: மரண நோயில் கிடப்பவன் நிக்காஹ் செய்கிறான். இருந்த 100 திர்ஹமையும் மஹராகக் கொடுக்கிறான். அவளுக்குரிய மஹரோ 10தான். அவள் மூன்றிலொன்றை வஸிய்யத்துச் செய்துவிட்டு முதலில் மவுத்தாகிறாள், பிறகு அவன். பிள்ளைகள் இல்லை.

உஸ்தாத்: மிகுதி 90இல் எவ்வளவு கொடையாகச் செல்லும்? அவன் சொத்தில் மூன்றிலொன்றைத் தாண்டக்கூடாது.

மாணவன்: அவளிடமிருந்து வாரிசுரிமையாகத் திரும்பும் பங்கும் அவன் சொத்தில் சேரும். அந்தப் பங்கோ கொடையைப் பொறுத்தது. இது தவ்ர் அல்லவா? மந்திக் (தர்க்கப்) பாடத்தில் சுழல் வாதம் செல்லாது என்றீர்களே!

உஸ்தாத்: இது உண்டாக அது முந்தவேண்டும், அது உண்டாக இது முந்தவேண்டும் என்றால் செல்லாது. தகப்பன் என்பதும் மகன் என்பதும் ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதில்லை, சேர்ந்தே நிற்கின்றன. உன் கொடையும் பங்கும் அப்படித்தான். இரண்டு கூற்றையும் சொல்.

மாணவன்: கொடையின் மும்மடங்கு, 90உம் பங்கும். அவளிடம் இருப்பது 10உம் கொடையும். வஸிய்யத்துப் போக மிச்சத்தில் பாதி கணவனுக்கு. ஆகவே பங்கின் மும்மடங்கு, 10உம் கொடையும். முதற்கூற்றிலிருந்து பங்கைப் பிரித்தெடுத்து அங்கேயே பிரதியிட்டேன். 90க்கு 90 என்று வந்தது.

உஸ்தாத்: பொய்யில்லை, பயனுமில்லை. ஒரு சாட்சி சொன்னதை அவனிடமே விசாரித்திருக்கிறாய். மற்றவனிடம் கொண்டுபோ.

மாணவன்: பங்கு என்பது மூன்று கொடையில் 90 குறைய. அதன் மும்மடங்கு, ஒன்பது கொடையில் 270 குறைய. அது 10உம் கொடையும். எட்டுக் கொடை 280. கொடை 35, பங்கு 15. சாதாரண தரத்து ஒருங்கமை சமன்பாடுதான்!

உஸ்தாத்: குவாரிஸ்மிக்குக் குறியீடே கிடையாது. ‘ஷை’ (பொருள்) என்று ஒன்றை மட்டும் வைத்து, பங்கை அதன் வாயாலேயே சொல்லவைத்தார். சரிபார்.

மாணவன்: அவளிடம் 45. வஸிய்யத்து 15, மிச்சம் 30, பாதி 15. அவன் வாரிசுகளுக்கு 55உம் 15உம், 70, கொடையின் இருமடங்கு. அந்த 35 முன்பே இருந்ததா, நாம் உண்டாக்கினோமா?

உஸ்தாத்: மூன்றிலொன்று என்று வரம்பு விழுந்தபோதே தீர்ந்துவிட்டது. ஏன் மூன்றிலொன்று என்பதை அல்ஜிப்ராவிடம் கேட்காதே, ஹதீஸில் தேடு. சரி, அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தால்?

மாணவன்: கணவனுக்குக் கால்தான். இரண்டாம் கூற்று மட்டும் மாறும்... பதினேழு கொடை 550. முழு எண் வரவில்லையே!

உஸ்தாத்: முந்தைய வழக்கு குவாரிஸ்மி பார்த்துத் தேர்ந்தது. கல்முனை மாவட்ட நீதிமன்றத்துக்கு வருபவர்கள் அப்படிப் பார்த்து வருவதில்லை. வகு.