கையை விட்டுப் போனால் கணக்கும் போய்விடுமா?

"என் காசில் வாங்கினேன். என் வீட்டில் பயன் தீர்ந்தது. வெளியே எறிந்தேன். இதில் பாவ புண்ணியம் எங்கே வந்தது?" கிராமத்துச் சகோதரர் ஒருவர் இப்படிக் கேட்டார். அவர் ஐவேளைத் தொழுகையாளி; கணக்குப் பார்த்து ஜகாத் கொடுப்பவர். ஆகவே அவரது கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியவில்லை.

நம் பாட்டிமார் காலத்தில் குப்பை என்று ஒதுக்க அதிகம் இருந்ததில்லை. கழுநீர் ஆட்டுக்கு; சாம்பல் பாத்திரம் துலக்க; சிரட்டை அகப்பைக்கு; கிழிந்த சேலை பிள்ளையின் தொட்டிலுக்கு; ஓட்டைப் பாத்திரம் பேரீச்சம்பழக்காரருக்கு. எஞ்சியது கொல்லை எருக்குழியில் மக்கி வயலுக்கு உரமாயிற்று. அன்று எறிந்ததை மண் ஏற்றுக்கொண்டது. இன்று நாம் எறியும் பாலிதீன் பையை அது ஏற்பதில்லை.

சகோதரரின் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலானது. வீண் விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்கிறது திருமறையின் 17ஆம் அத்தியாயம். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலையாவது பயன்படுத்தியிருக்கலாமே என்றார்கள். செத்த ஆடாயிற்றே என்று சொல்லப்பட்டபோது, உண்பதுதான் தடை என்று விளக்கினார்கள். உண்ணத் தகாத பொருளிலும் மிஞ்சியிருக்கும் பயனைத் தேடச் சொன்ன மார்க்கம் அன்றோ இது!

இரண்டாவது பதில் இதைவிடக் கடுமையானது. அது அடியார்களின் ஹக்கு. மக்கள் நடக்கும் பாதையிலும், அமரும் நிழலிலும் அசுத்தம் செய்வதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒருவர் செய்வதற்கு மற்றொருவர் முகம் சுளிக்க நேர்கிறது என்பதே அங்குள்ள குற்றம்.

நாம் எறியும் பை கால்வாயை அடைக்கிறது. சோற்று வாடைக்காக அதை விழுங்கிய மாட்டின் இரைப்பையில் அது செரிக்காமல் சுருண்டு கிடக்கிறது. கொளுத்தினாலோ புகை அடுத்த வீட்டுத் தொட்டில் வரை போகிறது. பி.வி.சி. கலந்த பொருள் எரியும்போது டயாக்சின் என்னும் நச்சும் எழுகிறது. திருடியவன் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். புறம் பேசியவன் மன்னிப்புக் கேட்கலாம். காற்றில் கலந்த புகையை எப்படித் திரும்பப் பெறுவது? அதைச் சுவாசித்தவர் யாரென்றே தெரியாதபோது, யாரிடம் போய் மாப்புக் கேட்பது?

"கடைக்காரர் பையில்தானே தருகிறார்? குப்பை வண்டி தினமும் வருவதில்லையே?" என்று கேட்கலாம். நியாயம்தான். சக்திக்கு மீறி அல்லாஹ் எவரையும் சோதிப்பதில்லை. ஆனால் நம் சக்திக்கு உட்பட்டது எவ்வளவோ உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கியது. சட்டம் கடைக்காரரைப் பிடிக்கலாம். துணிப்பையை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டியது நாம்தான்.

நோன்புக் கஞ்சி வாங்கப் பிள்ளைகளிடம் தூக்குச்சட்டியைக் கொடுத்து அனுப்புவோம். வலீமா விருந்தைச் சஹனிலோ வாழையிலையிலோ பரிமாறுவோம். காய்கறித் தோலையும் மிச்சத்தையும் குழியிலிட்டு, மண்ணும் சருகும் தூவி வந்தால் சில மாதங்களில் எருவாகிவிடும். மக்காததைக் கொளுத்தாமல், பிரித்துத் தூய்மைக் காவலரிடம் கொடுப்போம். உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றி, இன்னதென்று சொல்லிக் கொடுப்போம். அவர் கைக்கும் நம்மீது ஹக்கு உண்டு.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பது நாம் சிறு வயதிலேயே ஓதிய பாடம். எடுப்பது ஈமானின் கிளையென்றால், போடுவது எதன் கிளை? கேள்வி கேட்ட அந்தச் சகோதரரும், எழுதும் நானும், படிக்கும் நீங்களும் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பிறர் ஹக்கைச் சுமக்காதவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.